1992 கியூபி1-க்கு பேர் வைக்க ஏன் 25 வருஷம் ஆச்சு? (தெரிஞ்சவங்க சொல்லுங்க)

மலர்_டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்குறேன். போன வாரம் சூரியக் குடும்பம் பாடத்தை முடிச்சிட்டு, நெப்டியூனுக்கு அந்தப் பக்கமும் பனிக்கட்டி உருண்டைங்க ஏகப்பட்டது சுத்துதுன்னு போர்டுல ஒரு பட்டியல் எழுதினேன். செட்னா, ஏரிஸ், மாக்கிமாக்கின்னு எழுதிட்டு கடைசில 1992 கியூபி1, 2018ல ஆல்பியன்னு பேர் வச்சாங்கன்னும் எழுதிட்டேன். கடைசி பெஞ்சுல ஒரு பையன் எந்திரிச்சு "டீச்சர், எங்க தங்கச்சிக்கே மூணு மாசத்துல பேர் வச்சிட்டோம், இதுக்கு ஏன் 25 வருஷம்"னு கேட்டான். எனக்கு பதில் தெரியல, திங்கட்கிழமை சொல்றேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். அந்த கியூபி1ங்கிற எழுத்துக்கு என்ன அர்த்தம்னும் தெரிஞ்சா நல்லாருக்கும்.

இரவுப்பறவை:
டீச்சர், முதல்ல அந்த எழுத்தை எடுத்துக்குவோம், பிள்ளைங்க இதை வச்சு கணக்கே போடலாம். வருஷத்தை 24 அரை மாசமா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆங்கில எழுத்து குடுத்திருக்காங்க. ஜனவரி முதல் பாதி ஏ, ரெண்டாம் பாதி பி, அப்படியே எண்ணிட்டு போனா (ஐ எழுத்தை விட்டுடணும், ஒண்ணுன்னு குழப்பம் வரும்) ஆகஸ்ட் 16லேர்ந்து 31 வரைக்கும் கியூ வரும். அடுத்த எழுத்து அந்த அரை மாசத்துல எத்தனையாவதா பதிவாச்சுங்கிறது. 'ஏ'ன்னு இருந்தா முதல், 'பி'ன்னு இருந்தா ரெண்டாவது. 25 எழுத்தும் தீர்ந்துட்டா மறுபடி ஏலேர்ந்து ஆரம்பிச்சு பக்கத்துல 1 போடுவாங்க, அதுவும் தீர்ந்தா 2. அப்போ பி1னா 25ம் 2ம் 27. 1992 ஆகஸ்ட் பின்பாதில பதிவான 27ஆவது பொருள், அவ்ளோதான் அதுக்கு அர்த்தம்.

இது ஆஸ்பத்திரில பொறந்த குழந்தை கையில கட்டி விடுவாங்களே அந்த அட்டை மாதிரி. பேர் பின்னாடிதான். ஒரு ராத்திரி பாத்த புள்ளியை வச்சு அது எந்தப் பாதைல போகுதுன்னு சொல்லவே முடியாது, சில பொருள் ரெண்டு மாசம் கழிச்சு தேடினா எங்க போச்சுன்னே தெரியாம தொலைஞ்சிடும். அதனால பல வருஷம் திரும்பத் திரும்பப் பாத்து பாதை உறுதியானப்புறம்தான் நிரந்தர நம்பர் தருவாங்க. நம்பர் வந்ததும் கண்டுபிடிச்சவருக்கு பேர் சொல்ல 10 வருஷம் உரிமை. சர்வதேச வானியல் ஒன்றியத்துல இதுக்குன்னே ஒரு குழு இருக்கு, அவங்க ஒத்துக்கிட்டா பேர் நிலைக்கும். 16 எழுத்துக்கு மேல போகக் கூடாதுங்கிற வரைக்கும் விதி வச்சிருக்காங்க.

மலர்_டீச்சர்:
ரொம்ப நன்றி சார், இது தெளிவா புரிஞ்சது. ஆனா பாதை உறுதியாக அவ்ளோ வருஷமா ஆச்சு? 25 வருஷமா?

இரவுப்பறவை:
இல்ல டீச்சர், அதுக்கு 15760ங்கிற நம்பர் ரொம்ப முன்னாடியே கிடைச்சாச்சு. பேர் தள்ளிப்போன கதை வேற. அதுக்கு முன்னாடி இது எப்படி கிடைச்சதுன்னு பிள்ளைங்களுக்கு கண்டிப்பா சொல்லுங்க, எனக்கு இந்தக் கதை மேல தனிப் பிரியம்.

டேவிட் ஜூவிட்னு ஒரு பேராசிரியர், ஜேன் லூன்னு அவரோட மாணவி. அந்தம்மா வியட்நாம்ல சைகான்ல பொறந்தவங்க, 1975ல அகதியா அமெரிக்கா வந்து படிச்சு மேல வந்தவங்க. ரெண்டு பேரும் 1987ல தேட ஆரம்பிச்சாங்க. சூரியக் குடும்பத்தோட வெளிப்பக்கம் ஏன் இப்படி காலியா கிடக்குங்கிறதுதான் கேள்வி. நிறைய பேருக்கு இதுல நம்பிக்கை இல்ல, ஏன்னா அங்க இருக்குறதைப் பாக்குறது அவ்ளோ கஷ்டம். சூரிய வெளிச்சம் அங்க போய்ப் பட்டு திரும்பி நம்மகிட்ட வரணும், போகும்போதும் மங்கும் வரும்போதும் மங்கும், தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் 16ல ஒரு பங்காயிடும்.

அப்போ நட்சத்திரத்துக்கும் இதுக்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கிறது? நகருதான்னு பாக்கணும். ஒரே இடத்தை சில மணி நேர இடைவெளி விட்டு படம் எடுத்து மாத்தி மாத்திப் பாத்தா நட்சத்திரமெல்லாம் நிக்கும், இது மட்டும் ஒரு மயிரிழை தள்ளியிருக்கும். அந்த நகர்வுல பெரும்பங்கு பூமி ஓடுறதாலதான், பஸ்ல போகும்போது கிட்ட இருக்குற பனைமரம் வேகமாவும் தூரத்து மலை மெதுவாவும் பின்னாடி போகுமில்ல அதேதான், எவ்ளோ மெதுவா நகருதோ அவ்ளோ தூரம். பூமி-சூரியன் தூரத்தைப் போல 40 மடங்குல இருக்குற பொருள் மணிக்கு 3 ஆர்க் செகண்ட் (வானத்துல கோணத்தை அளக்குற ரொம்பச் சின்ன அலகு) சுமாருக்கு நகரும். நிலாவோட அகலம் 1800 ஆர்க் செகண்ட், அந்த அகலத்தைக் கடக்கவே 25 நாள்னு கணக்கு வருது!

5 வருஷம் ஒண்ணுமே கிடைக்கல. 1992 ஆகஸ்ட் 30 ராத்திரி, ஹவாய்ல மௌனா கியா மலை மேல 2.2 மீட்டர் தொலைநோக்கி, ரெண்டு படத்தை மாத்திப் பாக்கும்போது ஒரு மங்கல் புள்ளி லேசா தள்ளியிருந்தது. மூணாவது படத்துல இன்னும் கொஞ்சம் தள்ளி. அதுதான் கியூபி1. புளூட்டோவையும் அதோட நிலா கேரானையும் விட்டா அந்தப் பக்கத்துல முதல்ல கிடைச்சது இதுதான், சூரியனை ஒரு தடவை சுத்த 290 வருஷம் பக்கம் ஆகும்.

பேருக்கு வர்றேன். அவங்க ஸ்மைலின்னு வைக்க ஆசைப்பட்டாங்க, ஒரு உளவுக் கதைல வர்ற பாத்திரம். ஆனா அந்தப் பேர்ல ஏற்கனவே ஒரு சிறுகோள் இருந்துச்சு, ஒரே பேர் ரெண்டுக்கு வைக்கக் கூடாது. அப்படியே நின்னு போச்சு. அதுக்குள்ள அந்த வகைப் பொருளுக்கே "கியூபிவானோ"ன்னு பேர் ஒட்டிக்கிச்சு, கியூபி-ஒன்னுங்கிறதைத்தான் அப்படி இழுத்து சொன்னாங்க. கடைசில 2018 ஜனவரில ஆல்பியன், ஒரு ஆங்கிலக் கவிஞர் உண்டாக்கின புராணத்துல வர்ற ஆதி மனுஷன்.

ஒன்பதாவது_கோள்:
இதுக்கு நேர்மாறா புளூட்டோவைப் பாருங்க டீச்சர், அது உங்க பிள்ளைங்க வயசுல இருந்த பொண்ணு வச்ச பேர். 1930 பிப்ரவரி 18, அரிசோனால லோவல் ஆய்வகம், கிளைட் டாம்பாவுக்கு வயசு 24, கன்சாஸ்ல விவசாயக் குடும்பம், காலேஜ் கூட அப்போ போகல. ஜனவரி 23ம் 29ம் எடுத்த ரெண்டு கண்ணாடித் தட்டை ஒரு கருவில வச்சு மாத்தி மாத்தி சிமிட்டிப் பாத்து ஒரு புள்ளி சில மில்லிமீட்டர் குதிக்கிறதைப் புடிச்சாரு. லட்சக்கணக்கான நட்சத்திரத்துக்கு நடுவுல ஒரு புள்ளி, கம்ப்யூட்டர் இல்ல, வெறும் கண்ணு. மார்ச் 13 அறிவிச்சாங்க, மறுநாள் காலைல ஆக்ஸ்ஃபோர்டுல 11 வயசு வெனிஷியா பர்னி சாப்பிடும்போது தாத்தா பேப்பர் படிச்சு சொல்றாரு, இந்தப் பொண்ணு "புளூட்டோன்னு வைக்கலாமே"ங்குது. தாத்தா அங்க நூலகரா இருந்து ஓய்வு பெத்தவர், அவர் ஒரு வானியல் பேராசிரியர்கிட்ட சொல்ல, அவர் அமெரிக்காவுக்கு தந்தி அடிக்க, ஆய்வகத்துல மினர்வா, குரோனஸ், புளூட்டோன்னு மூணுக்கு ஓட்டு போட்டு எல்லா ஓட்டும் புளூட்டோவுக்கே. முதல் ரெண்டு எழுத்து பிஎல், இந்தத் தேடலைத் தொடங்கி வச்ச பெர்சிவல் லோவலோட முதலெழுத்தாவும் அமைஞ்சு போச்சு. தாத்தா பேத்திக்கு 5 பவுண்டு குடுத்தாராம்.

2006 ஜனவரில புளூட்டோவுக்கு நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் கிளம்பினப்போ டாம்பாவோட அஸ்தி கொஞ்சம் அதுக்குள்ள வச்சு அனுப்பினாங்க. தூசி எண்ணுற கருவிக்கு வெனிஷியா பேர். 2015 ஜூலை 14 கண்டுபிடிச்சவரும் பேர் வச்சவரும் சேர்ந்து புளூட்டோவைக் கடந்து போனாங்க. எத்தனை தடவை நெனைச்சாலும் எனக்கு தொண்டை அடைக்கும். விண்கலம் கிளம்பின 2006லயே ஆகஸ்ட்ல புளூட்டோவைக் கோள் இல்லன்னு சொன்னாங்களே, இன்னிக்கு வரைக்கும் என்னால ஏத்துக்க முடியல.

இரவுப்பறவை:
நண்பா அந்த சண்டைக்கு காரணமே ஏரிஸ்தான், அது கிடைச்ச விதம் இந்த இழைக்கு ரொம்பப் பொருத்தம். மைக் பிரவுன், சாட் ட்ருஹியோ, டேவிட் ரபினோவிட்ஸ் மூணு பேரும் பலோமார் மலைல 48 அங்குல தொலைநோக்கியை வச்சு ஒன்றரை மணி நேர இடைவெளில 3 படம் எடுத்து கம்ப்யூட்டரை விட்டு நகர்ற புள்ளியைத் தேட சொன்னாங்க. பொய்ப் புள்ளி நிறைய வருதுன்னு மணிக்கு 1.5 ஆர்க் செகண்டுக்கு குறைவா நகர்றதை எல்லாம் ஒதுக்கிடுன்னு எழுதி வச்சிருந்தாங்க. 2003 நவம்பர்ல செட்னா கிடைச்சப்போ அது 1.75ல நகருது, எல்லைக்கு கொஞ்சம் மேல, அப்போதான் அடடா இதை விட மெதுவா ஏதாவது இருந்தா நாம தவற விட்டிருப்போமேன்னு உறைச்சிருக்கு. எல்லையைக் குறைச்சு பழைய படத்தை எல்லாம் மறுபடி ஓட்டி, வந்து குவிஞ்ச பொய்ப் புள்ளிகளை கண்ணாலேயே பொறுக்கினாங்க. 2005 ஜனவரி 5ல 2003 அக்டோபர் 21 எடுத்த படத்துல ஏரிஸ். 14 மாசம் அவங்க டிஸ்க்லயே கிடந்திருக்கு. பாத்ததை மறுபடி பாக்குற பொறுமைதான் இந்த வேலையே.

மொதல்ல புளூட்டோவை விட பெருசுன்னாங்க, இப்போ அளந்தா ஏரிஸ் 2326 கிலோமீட்டர், புளூட்டோ 2377. எடை மட்டும் ஏரிஸ்தான் 27 சதவீதம் கூட. ஏரிஸ்னா கிரேக்கத்துல சண்டை மூட்டுற தேவதை, புளூட்டோ விஷயத்துல வானியல்காரங்க எல்லாம் அடிச்சுக்கிட்ட அடுத்த மாசம், 2006 செப்டம்பர் 13ல வச்ச பேர்.

தெற்குவாசல்_மணி:
மைக் பிரவுன் பேச்சு வந்ததால கேக்குறேன், நெப்டியூனுக்கு அந்தப் பக்கம் இருக்குற ஹௌமியாங்கிற குறுங்கோள் விஷயத்துல நடந்தது நியாயமா? ஸ்பெயின்ல ஓர்டிஸ் குழு 2005 ஜூலைல முறைப்படி அறிவிச்சாங்க. முதல்ல அறிவிச்சவங்களுக்குத்தானே உரிமை, அதானே இவ்ளோ நேரம் விதின்னு சொன்னீங்க. அவங்க அட்டேசினான்னு பழைய ஐபீரியத் தெய்வத்தோட பேர் குடுத்தாங்க. அதைத் தள்ளிட்டு பிரவுன் குழு சொன்ன பேரை வச்சாங்க. பெரிய ஆளுங்களுக்கு ஒரு நியாயம் சின்ன ஆளுங்களுக்கு ஒரு நியாயமா?

இரவுப்பறவை:
மணி அண்ணே, முழுசா சொல்றேன் நீங்களே முடிவு பண்ணுங்க. பிரவுன் குழு 2004 டிசம்பர் 28லயே பாத்துட்டாங்க, ஆனா நல்லா ஆராய்ஞ்சுட்டு சொல்லலாம்னு மூடி வச்சாங்க. 2005 ஜூலைல ஒரு மாநாட்டுக்கு அனுப்பின சுருக்கத்துல அவங்களுக்குள்ள அதுக்கு வச்சிருந்த குறியீட்டு எண் மட்டும் வெளிய வந்தது. அந்த எண்ணை இணையத்துல தேடினா சிலில இருந்த தொலைநோக்கி எந்தெந்த ராத்திரி எங்க பாத்துச்சுங்கிற பதிவேடு திறந்தே கிடந்தது. ஓர்டிஸ் குழு அறிவிக்கிறதுக்கு முன்னாடி அவங்க நிறுவனத்துக் கம்ப்யூட்டர்லேர்ந்து அந்தப் பக்கத்தைத் திறந்திருக்காங்க. அதை அவங்க மறுக்கல, நாங்க ஏற்கனவே எங்க 2003 படத்துல கண்டுபிடிச்சிட்டோம், ரெண்டும் ஒண்ணுதானான்னு சரிபாக்கத்தான் திறந்தோம்னாங்க. ஒன்றியம் என்ன பண்ணுச்சுன்னா கண்டுபிடிச்ச இடம்ங்கிற கட்டத்துல ஸ்பெயினோட சியரா நெவாடான்னு போட்டு, கண்டுபிடிச்சவர்ங்கிற கட்டத்தை காலியா விட்டு, பேர் மட்டும் பிரவுன் குழுவோடது எடுத்துக்கிச்சு. 2008 செப்டம்பர்ல.

தெற்குவாசல்_மணி:
காலியா விட்டதுதான் எனக்கு உறுத்துது. பொதுவுல திறந்து கிடக்குற பக்கத்தைப் பாத்தா அது திருட்டா? மாசக்கணக்கா மறைச்சு வச்சது மட்டும் சரியா?

இரவுப்பறவை:
மறைச்சதா நான் பாக்கல அண்ணே. பாத்துட்டோம்னு ஒரு வரி போட்டுட்டு அளவு, நிலா, சுழற்சி எதுவும் தெரியாம நிக்கிறதை விட முழு வேலையும் முடிச்சு குடுக்கணும்னு நெனைக்கிறது தப்பில்ல. அதே சமயம் ஓர்டிஸ் ஆட்கள் நல்ல வேலைக்காரங்க, ஹௌமியாவைச் சுத்தி வளையம் இருக்குன்னு 2017ல கண்டுபிடிச்சது அவர் தலைமைல போன குழுதான். எனக்கு பதிவேட்டைப் பாத்ததை அறிவிப்புலயே சொல்லியிருக்கணும்ங்கிறதுதான் குறை, அதுல நான் மாற மாட்டேன்.

வடமராட்சியான்:
எல்லாருக்கும் வணக்கம். கன நாளா வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான், இதில ஒண்டு சொல்லாம இருக்க ஏலாது. ஆர் முதல் எண்ட சண்டையை விட எனக்கு அந்தப் பேருகள் எங்கயிருந்து வருகுது எண்டதுதான் பெரிசாத் தெரியுது. ஹௌமியா ஹவாய்க்காரரின்ர பிள்ளைப்பேற்றுத் தெய்வம், அவவின்ர உடம்பின்ர பாகங்களில இருந்து பிள்ளைகள் பிறந்தவை எண்டு அவையின்ர கதை. அந்தக் கோளும் அப்பிடித்தான், முந்தி ஒரு மோதல் நடந்து துண்டுகள் சிதறி, ஒரே மாதிரிப் பாதையில ஒரு குடும்பமே சுத்துது. ரெண்டு நிலாவுக்கும் அவவின்ர மகள்மார், ஹியாக்கா, நாமகா. இப்பிடிப் பொருந்தி வாற பேர் கன இல்லை.

குவாவார் எண்டு ஒண்டு, 2002இல கண்டது. லாஸ் ஏஞ்சலஸ் இருக்கிற மண் டோங்வா சனத்தின்ர மண், அவையின்ர படைப்புத் தெய்வம், பாடி ஆடி உலகத்தை உண்டாக்கினதாம். பிரவுன் ஆக்கள் அந்தச் சனத்தோட கதைச்சுத்தான் பேர் வைச்சவை, பிறகு நிலா ஒண்டு கிடைச்ச நேரம் பேரைத் தெரியிற வேலையை அவையிட்டயே குடுத்திட்டினம், அவை வேவாட் எண்டு குவாவாரின்ர மகன்ர பேரைச் சொன்னவை. அரோகோத் எண்டு இன்னொண்டு, பவ்ஹாட்டன் எண்ட அமெரிக்கப் பழங்குடி மொழியில வானம் எண்டு அர்த்தம். 2019 புதுவருசத்தண்டு நியூ ஹொரைசன்ஸ் அதைக் கடந்து போகேக்க அதுக்கு வேற ஒரு செல்லப்பேர் இருந்தது, அது நாசிகளோட தொடர்புள்ள சொல் எண்டு ஆக்கள் சொன்னாப்பிறகு கைவிட்டிட்டு, பமன்கி சனத்தின்ர பெரியாக்களிட்ட சம்மதம் வாங்கி இதை வைச்சவை. தென் ஆபிரிக்கப் பக்கத்து ஜூ-ஹோவான் சனத்தின்ர பேரில ஒண்டு இருக்கு, நாக்கைச் சொடுக்கிச் சொல்ல வேணும், எங்கட எழுத்தில எழுதவே ஏலாது, ஆனா பட்டியலில அந்தச் சொடுக்குக் குறியோடயே ஏத்தி இருக்கினம். பேசுற சனம் குறைஞ்சுகொண்டு போற மொழியின்ர சொல்லு நெப்டியூனுக்கு அங்கால நிலைச்சு நிக்குது எண்டு நினைக்க மனசுக்கு ஒரு ஆறுதல்.

நெய்தல்_கயல்:
அண்ணா நீங்க சொன்னதைப் படிச்சிட்டுத்தான் எழுதுறேன். வருணான்னும் ஒண்ணு இருக்கு தெரியுமா, 20000ங்கிற முழு எண்ணையே அதுக்கு குடுத்தாங்க. 2000 நவம்பர் 28, அரிசோனால கிட் பீக் மலை, ஸ்பேஸ்வாட்ச் திட்டத்துல ராபர்ட் மக்மில்லன் கண்டுபிடிச்சது. வேதத்துல வர்ற வருணன். ஆனா நெய்தல் நிலத்துக்கு தெய்வம் வருணன்னு நாம பள்ளிக்கூடத்துல படிச்சோமே, எங்க அப்பா தூத்துக்குடில கடலுக்குப் போறவர், அவர்கிட்ட சொன்னேன், கடல் சாமிக்கு வானத்துல ஒரு பனிக்கட்டின்னு. எவ்ளோ தூரம்னு கேட்டார். சூரியனை ஒரு சுத்து சுத்த 280 வருஷம் ஆகும்னேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல.

வாணியம்பாடி_வாசு:
எங்க ஊர்லேர்ந்து மலையேறினா காவலூர். அங்க வைணு பாப்பு ஆய்வகத்துல 1988ல கண்டுபிடிச்ச சிறுகோள்தான் 4130 ராமானுஜன். அது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல இருக்குறது, நீங்க பேசுற தூரத்துப் பனி உருண்டை இல்ல, ஆனா பேர் வைக்கிற முறை ஒண்ணுதான்.

இன்னொண்ணு, ஹௌமியா வளையம்னு சொன்னீங்களே, ஒரு நட்சத்திரத்துக்கு முன்னாடி அது போகும்போது வெளிச்சம் எப்போ மங்குதுன்னு பாத்துத்தான் அதைக் கண்டுபிடிச்சாங்க. இதே முறைல 1977 மார்ச் 10 யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கும்போது காவலூர் 1 மீட்டர் தொலைநோக்கிலயும் பாத்தாங்க, யுரேனஸ் வந்து மறைக்கிறதுக்கு முன்னாடியே வெளிச்சம் கொஞ்ச நேரம் குறைஞ்சது பதிவாச்சு. யுரேனஸ் வளையம் கிடைச்ச ராத்திரி அது. குவாவாருக்கும் இதே மாதிரி வளையம் இருக்குன்னு 2023ல சொன்னாங்க, அதுவும் நிலாவா திரண்டிருக்க வேண்டிய தூரத்துல வளையமாவே நிக்குது, ஏன்னு இன்னும் ஆராய்ச்சி நடக்குது.

தெற்குவாசல்_மணி:
சரி அப்போ தமிழ்ப் பேர் ஒண்ணு வைக்க சொல்லி ஆயிரக்கணக்குல கையெழுத்து போட்டு அனுப்பலாமா? கொற்றவைன்னு வைக்கட்டும்.

இரவுப்பறவை:
கையெழுத்தால ஆகாது அண்ணே, கண்டுபிடிச்சவங்க முன்மொழியணும். பொது ஓட்டு விட்டதும் கண்டுபிடிச்சவங்களா விரும்பித்தான், 2007ல கிடைச்ச ஒண்ணுக்கு 2019ல மேகன் ஷ்வாம்ப் குழு மூணு பேர் குடுத்து ஓட்டு விட்டு, சீனத்து நீர்த்தெய்வம் கோங்கோங் ஜெயிச்சுது. கொற்றவை நல்ல பேர்தான், ஆனா புளூட்டோ மாதிரி நெப்டியூனோட தாளத்துக்கு ஒத்து சுத்துறதுக்கெல்லாம் பாதாளத் தெய்வம், ஆல்பியன் வகைக்கு படைப்புத் தெய்வம்னு வழக்கம் இருக்கு, அதையும் பாக்கணும். சிலில வேரா ரூபின் ஆய்வகம் 2025 ஜூன்ல முதல் படம் வெளியிட்டாங்க, 8.4 மீட்டர் கண்ணாடி, 3200 மெகாபிக்சல் கேமரா, நெப்டியூனுக்கு அந்தப் பக்கம் மட்டும் பல பத்தாயிரம் கிடைக்கும்னு எதிர்பார்க்குறாங்க. அந்த வேலைல நம்ம பிள்ளைங்க யாராவது உக்காந்திருந்தா பேர் தானா வரும்.

மலர்_டீச்சர்:
திங்கட்கிழமை வகுப்பு முடிஞ்சு நேரா இங்க வந்துட்டேன். எழுத்து முறையை போர்டுல போட்டு 2003 விபி12 குடுத்தேன், செட்னாவோட பழைய அட்டை. நவம்பர் முதல் பாதி, 12 தடவை 25ம் 2ம், 302ன்னு அஞ்சே நிமிஷத்துல சொல்லிட்டாங்க. ஏரிஸோட 2003 யூபி313 குடுத்தேன், 7827 வரும்போது வகுப்பே சத்தம் போட்டுச்சு. அப்புறம் கயல் சொன்ன வருணா, 2000 டபிள்யூஆர்106, நவம்பர் பின்பாதி, 2667.

அந்தப் பையன் மறுபடி எந்திரிச்சான். "அப்போ அந்த அரை மாசத்துல மீதி 2666 இருக்கே, அதுக்கெல்லாம் என்ன பேர்"னு கேக்குறான். இதுக்கும் யாராவது சொல்லுங்க.

இரவுப்பறவை:
பெரும்பாலானதுக்கு பேரே இல்ல டீச்சர். நம்பர் வாங்கினது 8 லட்சத்துக்கு மேல, பேர் வாங்கினது 25 ஆயிரம் அளவுக்குத்தான். அந்தப் பையன்கிட்ட இதை அப்படியே சொல்லுங்க, அவன் என்ன சொல்றான்னு இங்க வந்து எழுதுங்க.